கதவை மூடவிடாத கேபிள்

கம்ப்யூட்டருக்கு வேண்டிய மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிகளைச் செய்கிற கம்பெனி அது. புருஷனும் பெண்டாட்டியும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். அவன் விற்பனையில்; அவள் கேபிள், அதன் முனையில் செருகுகிற கனெக்டர் வடிவமைப்பில். வீட்டில் ஒரு குடையில் நடக்கிறவர்கள், ஆபீசுக்குள் நுழைந்தால் எலியும் பூனையும்.

சண்டையெல்லாம் ஒரு கேபிளின் தடிமனைப் பற்றித்தான். கம்ப்யூட்டருக்குள், திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டு போல மின்சாரம் தின்கிற ஆசாமி வேறு இல்லை. அதற்குப் போகிற கேபிளில் அவள் தடித்த வயர்தான் போடுவாள். தடித்த வயர் சூடாகாது, ஆனால் லேசில் வளையாது. அவளுக்கு ஆபீசில் ‘தாம்புக்கயிறு’ என்று பெயர் விழுந்ததே அதனால்தான்.

அன்று அவன் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனிக்கு பவர் சப்ளையின் மாதிரியைக் காட்டிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். நேராக அவள் மேஜைக்குப் போனான்.

“கம்ப்யூட்டர் பெட்டிக் கதவு மூட மாட்டேங்குது. கேபிள் விறைச்சுக்கிட்டு நிக்குது. அவங்க மெஷின் பாத்துக்கிறவரு முழங்கைய வச்சு அழுத்தித்தான் மூடினாரு. கொஞ்சம் மெலிசாத்தான் போடேன்.”

“மெலிசாப் போட்டா வயர் சூடாகும். நீங்க வித்துட்டு வந்துருவீங்க, கருகினா பதில் சொல்றது நான்.”

“கனெக்டர்ல ஒவ்வொரு பின்னும் எட்டு ஆம்பியர் தாங்கும்னு நீதானே சொன்ன?”

“அது நேரா, முழுசா உக்காந்த பின்னுக்கு.” சொன்னவள் அப்படியே நிறுத்தினாள். “என்ன சொன்னீங்க? முழங்கைய வச்சா அழுத்தினாரு?”

அடுத்த நிமிஷம் அதே மாதிரிக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு சோதனை அறைக்குப் போய்விட்டாள். அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், அன்று அவள் பின்னாலேயே போனான். மெஷினை ஓடவிட்டாள். கதவு திறந்திருந்தவரை கனெக்டர் வெதுவெதுப்போடு நின்றது. அவள் தன் முழங்கையை வைத்து அழுத்திக் கதவை மூடினாள். வெப்பம் காட்டும் திரையில் எண் ஏறத் தொடங்கியது; ஏறிக்கொண்டே போனது. திறந்து கழற்றியபோது கனெக்டரின் ஓரத்துத் துளை பழுப்பேறிக் கிடந்தது. வளைய மறுத்த வயர் பின்னைச் சாய்த்திருந்தது. முழுதாகத் தொட வேண்டிய உலோகம் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

“அப்பவே சொன்னேன்ல” என்ற வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். “வயர்ல கோளாறு இல்ல. அதோட விறைப்பு பின்ன சாய்க்குது. நான் மேஜை மேல நேரா நீட்டி வச்சே சோதிச்சேன். கதவ மூடிப் பார்க்கல.”

“அப்ப மெலிசாப் போட்டுர வேண்டியதுதானே? உங்க வீட்டுக்காரரும் அதைத்தான் கேக்குறாரு” என்றார் முதலாளி.

“போட்டா பின் தப்பிக்கும் சார், வயர் சூட்டுல மாட்டிக்கும். எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க.”

அவன் கேட்டதைத்தான் முதலாளி பேசினார். ஆனாலும் அவள் மறுத்து நின்ற அந்த நிமிஷத்தில் அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் தவற்றைச் சபையில் போட்டு உடைத்தவள், அதற்காகத் தன் சரியை விட்டுக்கொடுக்கவில்லையே!

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். செம்பின் அளவைக் குறைக்காமல், முடியைப் போன்ற மெல்லிய இழைகளாகப் பிரித்து முறுக்கச் சொன்னாள், வயர் வளைந்தது. மேலே மெத்தென்ற உறை போட்டாள், இன்னும் வளைந்தது. ஆனால் மெத்தென்ற உறை பெட்டியின் தகரவிளிம்பில் உரசிக் கிழிந்தது. கிழியாமலிருக்க வலைத்துணி சுற்றினால் அது சூட்டை உள்ளேயே பிடித்து வைத்தது. தலைக்கு இழுத்தால் காலுக்குப் போதாத போர்வைக் கதைதான். கடைசியில் விளிம்பைத் தொடும் இடத்தில் மட்டும் வலைத்துணி என்று முடித்தாள்.

“விலை ஏறும்ங்க” என்றாள், வீட்டில் துணி மடித்துக்கொண்டே.

“ஏறட்டும். அத விக்கத்தானே என்னைய வச்சிருக்காங்க.”

படக் கம்பெனிக்கு இருவருமாகப் போனார்கள். ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அவள் கனெக்டரை அழுத்திப் பொருத்தினாள். கேபிளை வளைத்தாள். கதவை ஒற்றை விரலால் தள்ளி மூடினாள். காலை முழுக்க அந்த மெஷின் ஒரு கடல் காட்சியை வரைந்து தள்ளியது. சாப்பாட்டு வேளையில் மெஷின் பொறுப்பாளர் கதவைத் திறந்து கனெக்டரைத் தொட்டார். விரலை எடுக்கவேயில்லை.

“யார் போட்ட டிசைன் இது?”

மணிக்கணக்காகப் பேசி ஆளை அசத்துகிறவன் மூன்றே வார்த்தையில் முடித்தான். “இவங்கதான். என் மனைவி.”

“மனைவிய யாருதான் குறை சொல்லுவாங்க?”

“நான் சொல்லியிருக்கேன் சார். இந்தக் கேபிளுக்காகவே எத்தனையோ தடவை. இப்ப சொல்ல ஒண்ணும் இல்ல.”

அவர் சிரித்துவிட்டார். எல்லா மெஷினுக்கும் அதையே போட்டுவிடச் சொன்னார்.

லிஃப்ட்டில் இறங்கும்போது அவள் விரல்களை அகட்டி எதையோ அளந்தாள். “அந்த வலைத்துணி இன்னும் ஒரு விரக்கடை நீளமா இருந்திருக்கலாம்.”

“இன்னிக்கு ஒரு நாளாவது விடேன்” என்றான். அவளுடைய கருவிப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தானே அந்தக் கேபிளைச் செய்தவன் போலத் தெருவில் முன்னால் நடந்தான்.