ஒரு குப்பி, பத்துப் பேர்

விடிந்து வெகு நேரமாகியும் டொக்டோசுன் எழுந்திருக்கவில்லை.

அறுபத்தெட்டு வயதில் அவர் ஒரு நாளும் சூரியனுக்குப் பிறகு எழுந்ததில்லை. இன்று மூன்று கம்பளிப் போர்வைக்கு அடியில் கிடந்தார். போர்வை நடுங்கியது. மருமகள் பெரிசாத் வெப்பமானியை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டரை.

"கை எப்படி இருக்கு அத்தா?"

"குதிரை உதைச்ச மாதிரி இருக்கு."

"இடுப்பு?"

"அதையும் அதே குதிரைதான் உதைச்சுது."

பெரிசாத்துக்கு நிம்மதியாக இருந்தது. நேற்று மதியம் வட்டார ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொரோனா தடுப்பூசி போட்டார்கள். ஓர் இரவு காய்ச்சல், குளிர், உடம்பு வலி. நர்ஸ் படிப்பில் அவள் படித்தபடியேதான் எல்லாம் நடந்தது. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள். அவர் அதை விரோதியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு விழுங்கினார்.

கூடாரத்தின் நிழல் பக்கம் குளிர்பெட்டி இருந்தது. உள்ளே ஒரே ஒரு குப்பி. பத்துப் பேருக்கான மருந்து. டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். பத்துப் பேர் கையை நீட்டிய பிறகுதான் திறக்க வேண்டும். பெட்டியில் ஐஸ் இன்று மாலை வரை தாங்கும். மாலையில் ஜீப் வரும். பத்துப் பேர் சேரவில்லை என்றால் குப்பி திரும்பிப் போகும், கேட்கிற ஊருக்கு.

இந்த மேய்ச்சல்வெளியில் ஏழு கூடாரம். ஆண்களில் பாதிப் பேர், பெரிசாத்தின் கணவனும்தான், ஆடுகளோடு மேலே போயிருந்தார்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்ட பெரிசாத்தையும் மாமனாரையும் விட்டால், ஊசிக்கு ஏற்ற வயதில் கீழே இருந்தது சரியாகப் பத்துப் பேர். நேற்று இரவே பத்துப் பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

"முதல்ல டொக்டோசுன் அண்ணன் எப்படி இருக்கார்னு பாக்கறோம். நாளை மதியம் வரைக்கும்."

போன ஜூலையில் கீழே ஊரில் இருந்த ஒரே ஆக்சிஜன் இயந்திரத்தை வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு ஓடியவள் பெரிசாத். ஒரு வீட்டில் அதைக் கழற்றினால்தான் அடுத்த வீட்டில் மாட்ட முடியும். எந்த வீட்டில் கழற்றுவது என்று அவள்தான் முடிவு செய்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. குப்பியை மட்டும் திருப்பி அனுப்ப அவளுக்கு மனமில்லை.

வெளியே குதிரைச் சத்தம். பக்கத்துக் கூடாரத்து ஷார்ஷென். வாய்க்குப் பூட்டு இல்லாத மனுஷன். பெரிசாத் வாசலுக்கு ஓடி நிலைத்துணியை இழுத்து மூடிக்கொண்டு நின்றாள். அடுப்பில் ஈரச்சாணம் புகைந்து அவள் கண்கள் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தன.

"என்ன மருமகளே, அண்ணன் இன்னும் பால் கறக்க வரல?"

"படுத்திருக்காங்க."

"படுத்திருக்காரா!" ஷார்ஷென் சேணத்தில் நிமிர்ந்தார். "டொக்டோசுனா?"

"காய்ச்சல். ஊசி போட்டா வர்றதுதான்."

"எப்ப நிக்கும்?"

பெரிசாத் வாயைத் திறந்தாள், மூடினாள்.

மாமனாரின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. பெயரில் இருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. டொக்டோசுன் என்றால் 'நிற்கட்டும்' என்று பொருள். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை; இவனாவது நிற்கட்டும் என்று வைத்த பெயர். ஆகவே கல்யாணமாகி வந்த எட்டு மாதமாக நில், நிற்கும், நிறுத்து எதுவும் பெரிசாத்தின் வாயில் வந்ததில்லை. குதிரையைக்கூட "போதும்டா, போதும்" என்றுதான் சொல்வாள். அது எப்போதும் பத்தடி தள்ளித்தான் நிற்கும்.

அவள் வேறு சொல் தேடினாள்.

"இன்னைக்குள்ள போயிடும்" என்றாள்.

கிர்கிஸ் பேச்சில் அவர், அவன், அது எல்லாவற்றுக்கும் வினை ஒன்றுதான். காய்ச்சல் போனாலும் பெரியவர் போனாலும் ஒரே போக்கு.

ஷார்ஷென் அவளுடைய சிவந்த கண்களைப் பார்த்தார். மூடிய வாசலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நீ படிச்சவ. உனக்குத் தெரியாம இருக்குமா" என்றார் மெதுவாக. குதிரையைத் திருப்பி ஓட்டினார்.

என்ன இவ்வளவு மரியாதை என்று பெரிசாத் ஒரு கணம் யோசித்தாள். உள்ளே தேநீர் கொதித்தது. போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு டொக்டோசுனுக்கு வேர்த்துக் கொட்டியது. மூன்று போர்வைகளையும் உதைத்தார். வெப்பமானி முப்பத்தாறு புள்ளி எட்டு காட்டியது. ஆட்டுச் சூப்பு கேட்டார். மாமியார் பாத்மா கிண்ணத்தை அவர் கையில் வைத்த நேரத்தில் தூரத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஐயோ, என் அண்ணே! என் மலையே!"

பல குதிரைகள் ஓடிவரும் சத்தம். பல குரல்கள். சாவு வீட்டுக்கு இப்படித்தான் வருவார்கள். தூரத்திலிருந்தே குதிரை மேல் அழுதுகொண்டு.

டொக்டோசுன் கிண்ணத்தை இறக்கினார். "யாரு போயிட்டாங்க?"

பாத்மாவுக்குத் தெரியவில்லை. பெரிசாத் நிலைத்துணியை விலக்கிப் பார்த்தாள். ஒன்பது பேர். எல்லாக் கூடாரத்திலிருந்தும். ஒருவர் சேணத்தின் குறுக்கே ஒரு செம்மறியைப் போட்டுக் கட்டியிருந்தார். எல்லோரும் நேராக இந்தக் கூடாரத்தைப் பார்த்துத்தான் வந்தார்கள். காலையில் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அத்தா," என்றாள், "நீங்கதான்."

"நானா?"

பெரிசாத் நடந்ததைச் சொன்னாள். வெளியே ஓடிப்போய்ச் சொல்ல எழுந்தாள். டொக்டோசுன் அவள் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு. கொஞ்சம் கேப்போம்."

"ஏங்க, பாவம் இல்லையா?" என்றாள் பாத்மா.

"என் சாவுல நான் கேக்காம யாரு கேப்பா?"

வாசலில் ஷார்ஷென் இறங்கிவிட்டார். கம்பளிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "என் அண்ணே! உன்னை மாதிரி ஒரு கைச்சுத்தமான மனுஷன் இந்த மலையில உண்டா? ஒரு கடுஞ்சொல் பேசியிருப்பியா?"

பாத்மா சூப்புக் கிண்ணத்துக்குள் சிரித்தாள்.

"பன்னெண்டு வருஷமா நான் பொய் சொன்னேனே, அண்ணே! உன் செந்நிறக் குதிரைதான் என் கறுப்பனை விட வேகம்! நீ உயிரோட இருக்கும்போது இதைச் சொல்லாமப் போனேனே!"

டொக்டோசுன் எழுந்தார். ஒரு போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டார். வாசலுக்குப் போய் நிலைத்துணியை விலக்கினார்.

"இப்ப சொல்லிட்டே" என்றார். "எல்லாரும் கேட்டாங்க."

ஷார்ஷென் அப்படியே பின்னால் உட்கார்ந்தார். ஒரு குதிரை மிரண்டு இரண்டு காலில் எழுந்தது. ஒருத்தி "பிஸ்மில்லா" என்றாள். அப்புறம் யாரோ ஒருவர் சிரித்தார். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அழுதவர்கள் அதே கண்ணீரோடு சிரித்தார்கள்.

ஷார்ஷென் மட்டும் சிரிக்கவில்லை. "மருமகதான் சொன்னா! போயிடும்னு சொன்னா!"

ஒன்பது முகமும் பெரிசாத்தின் பக்கம் திரும்பின.

"காய்ச்சலைச் சொன்னேன்" என்றாள். "காய்ச்சல் வந்து... ஒரு நாள்ல வந்து..." அவள் கையை உயர்த்தி, ஓடுகிற குதிரையை மறிப்பதுபோல் காட்டினாள்.

பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எல்லோரும் மருமகளாக இருந்து வந்தவர்கள்தான். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். "என் மாமனார் பேரு உப்பு. அவர் இருந்த பத்து வருஷமும் உப்பில்லாத சோறு திங்கற மாதிரிதான் பேசினேன்."

"சரி, நல்லா இருக்கார். போகலாம்" என்று ஷார்ஷென் சேணத்தைப் பிடித்தார்.

"எங்க போறே?" என்றார் டொக்டோசுன். "அந்த ஆட்டை எனக்குன்னுதானே கொண்டு வந்தே? இறக்கு. என் சாவுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போனீங்கன்னா நான் தாங்க மாட்டேன்."

ஆட்டை அறுத்தார்கள். அண்டா அடுப்பில் ஏறியது. கறி வேக இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவரை ஒருவரும் நகர மாட்டார்கள் என்பது பெரிசாத்துக்குத் தெரியும். அவள் குளிர்பெட்டியை வெளியே கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள். கையைக் கழுவினாள்.

"மதியம் ஆயிடுச்சு" என்றாள். "பாக்கறோம்னு சொன்னீங்க. பாத்துட்டீங்க."

புல்லைப் பார்த்தார்கள். மலையைப் பார்த்தார்கள்.

"இவரையே கவுத்துப் போட்டுடுச்சே. நாங்க எம்மாத்திரம்?" என்றார் ஒருவர்.

"கவுத்துச்சு. விடிய விடிய நடுங்கினேன். கை இப்பவும் தூக்க முடியல" என்று டொக்டோசுன் சொன்னார். "இப்ப மூணாவது கிண்ணம் சூப்பு. எண்ணிக்கோ."

"குமிஸ் குடிக்கலாமா?" இதுதான் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி. ஜூன் மாதம். குதிரைப்பால் புளித்துத் தோல்பையில் நுரைத்துக்கொண்டிருந்தது. "சாராயம் கூடாதுங்கறாங்க. குமிஸ் சாராயமா, பாலா?"

"ரெண்டு நாளைக்குக் கொஞ்சமாக் குடிங்க" என்றாள் பெரிசாத். "தண்ணி நிறையக் குடிங்க."

"கொஞ்சம்னா?"

"ஒரு கிண்ணம்."

"யார் வீட்டுக் கிண்ணம்?"

"எங்க வீட்டுது" என்றாள். சிறிய கிண்ணம். முனகினார்கள். ஆனால் முக்கியமான கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பாத்மா முதலில் சட்டைக் கையைச் சுருட்டினாள். அப்புறம் உப்பு மாமனாரின் மருமகள். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பெரிசாத் எண்ணினாள். ஒன்பது.

ஷார்ஷெனைக் காணவில்லை. அவருடைய கறுப்பனுக்குப் பின்னால் நான்கு குதிரைக் கால்களுக்கு நடுவில் இரண்டு மனிதக் கால்கள் தெரிந்தன.

"திறந்துடு மருமகளே, ஒண்ணு வீணானா என்ன?" என்றார் ஒருவர்.

பெரிசாத் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பத்துப் பேர் என்றால் பத்துப் பேர். போன ஜூலையில் யாருக்கு இல்லை என்று அவள் சொன்ன பிறகு இன்றுவரை அவள் கை ஒன்றையும் வீணாக்கியதில்லை. திறக்கவில்லை.

டொக்டோசுன் போர்வையை இழுத்துக்கொண்டு குதிரையின் பக்கம் போனார்.

"வெளிய வா."

"எனக்கு ஊசின்னா ஆகாது அண்ணே. சின்ன வயசுலேருந்து."

"அப்ப ஒண்ணு செய்வோம். நீ கையை நீட்டு. குதிரையைப் பத்தி நீ அழுததை நான் கேக்கல."

கால்கள் அசையவில்லை. குதிரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீ கேக்கல. மத்தவங்க?"

டொக்டோசுன் திரும்பிப் பார்த்தார். "யாராவது ஏதாவது கேட்டீங்களா?"

"அழுகைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றார்கள் எட்டுப் பேர். உப்புக்காரியும் அரைமனதாகத் தலையாட்டினாள்.

ஷார்ஷென் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "கறுப்பன்தான் வேகம்" என்று உரக்கச் சொன்னார். பெரிசாத் குப்பியைத் திறந்தாள்.

"போடு போடு, சீக்கிரம்."

"போட்டாச்சு."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். மிச்சம் நாளைக்கு."

மறுநாள் மேய்ச்சல்வெளியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பத்துப் பேரும் போர்வைக்குள் கிடந்தார்கள். பாத்மா தலைவலியோடு எல்லோரையும் திட்டினாள். குதிரைகளுக்கு மடி கனத்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறக்க வேண்டும். கறக்க ஆள் இல்லை. டொக்டோசுனும் பெரிசாத்தும் கூடாரம் கூடாரமாகப் போனார்கள். அவள் குட்டியைக் கொண்டுபோய்த் தாயிடம் விட்டு இழுத்துப் பிடிப்பாள். அவர் ஒரு கையால் கறப்பார். மற்றக் கை இன்னும் வலித்தது. நடுவில் அவள் உள்ளே போய் வெப்பமானி வைத்து, மாத்திரை கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வருவாள்.

"அண்ணே, நான் செத்துடுவேன்" என்று ஷார்ஷென் உள்ளிருந்து முனகினார்.

"நான் செத்துப் பாத்துட்டேன்" என்றார் டொக்டோசுன், மடியை விடாமல். "ஒண்ணும் பெருசா இல்ல."

மூன்றாம் நாள் காலையில் மலை முதுகைத் தாண்டி ஆறு பேர் குதிரையில் வந்தார்கள். அந்தப் பக்கத்து மேய்ச்சல்காரர்கள். முன்னால் வந்தவருக்கு நரைத்த தாடி. பெரிசாத்தைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தார்.

"செத்தவரை எழுப்பின ஊசி உங்கிட்டதான் இருக்காமே?"

"அவங்க சாகவே இல்லீங்க. காய்ச்சல்தான்."

"மறைக்காதே தாயி. ஷார்ஷென் சுவத்துல முட்டிக்கிட்டு அழுததை எங்க இடையன் தன் கண்ணால பாத்தான்."

"அவங்களையே கேளுங்க."

டொக்டோசுன் வாளியோடு வந்தார். "மதியம் வரைக்கும்தான் செத்திருந்தேன்" என்றார். "அப்புறம் பசிச்சுது."

பெரிசாத் அவரை முறைத்தாள். மாமனாரை முறைப்பது வழக்கமில்லை. அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அவள் ஆறு பேரையும் உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். கை வலிக்கும். ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும். எலும்பெல்லாம் வலிக்கும். அப்புறம் சரியாகிவிடும். இது செத்தவரை எழுப்பாது. இருக்கிறவர் சாகாமலிருக்க உதவும்.

நரைத்தாடிக்காரர் யோசித்தார். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அதுவும் பரவாயில்ல" என்றார். "நாங்க பன்னெண்டு பேரு."

போனில் சிக்னல் கோடு வருவது மேட்டின் உச்சியில் மட்டும்தான். பெரிசாத் ஏறிப் போய் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள்.

"எத்தனை பேரு?"

"பன்னெண்டு."

"பத்தோ இருபதோ சொல்லு பெரிசாத். பன்னெண்டுன்னா எப்படி?"

பெரிசாத் கீழே பார்த்தாள். மலை முதுகுக்கு அப்பால் இன்னும் இரண்டு இடத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு குப்பி அனுப்புங்க" என்றாள். "மிச்சம் எட்டுப் பேரை நான் போய்க் கூட்டிட்டு வரேன்."