வெடி அன்ரியின் விசை

"அன்ரி, சங்கத்திலையிருந்து பிருந்தன் கதைக்கிறன். துவக்கு சுகமோ?"

"துவக்கு சுகம் தம்பி. துவக்குக்காரிதான் கொஞ்சம் இருமுறாள்."

"வாற சனி விளையாட்டு விழா. பிளாக்ஹவுஸ் பே மைதானம். எட்டு மணிக்கு எங்கட பெடியன் ஆரணன் காரோட வருவான்."

"ரெடியா நிப்பன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. தொலைபேசியை வைத்த பிறகும் சாந்தகுமாரி அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்ற நாட்களில் அதில் வருவது கிளினிக்கின் நினைவூட்டலும், மின்சாரக் கம்பனியை மாற்றச் சொல்லும் குரல்களும்தான். பெயர் சொல்லிக் கூப்பிடும் அழைப்பு மாசி மாதத்தில் ஒன்று. பத்தொன்பது வருடமாக.

முதல் வருடம் சங்கத்தின் ஓட்டப்போட்டிகளைத் தொடக்கிவைக்கும் துப்பாக்கியை வாங்கி வந்தவர்கள் "ஆர் வெடிவைக்கிறது?" என்று கேட்டபோது ஒருவரும் முன்வரவில்லை. எல்லாருக்கும் முடிவுக்கோட்டில் நின்று படம் எடுக்க ஒரு பிள்ளை இருந்தது. அவளுக்கு இல்லை. "தாங்கோ, நான் பிடிக்கிறன்" என்றாள். அன்று முதல் வெடி அன்ரி. சங்கத்தில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது.

அலுமாரியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தாள். உள்ளே உள்ளங்கையளவு ரிவால்வர். குழல் அடைத்தது, குண்டு போகாது. பொட்டுவெடி போன்ற கேப் வைத்து விசையை இழுத்தால் சத்தமும் புகையும் மட்டும் வரும். வெறுமையாகவே மேலே உயர்த்தி இழுத்துப் பார்த்தாள். சுட்டுவிரலின் மூட்டு வீங்கி நெல்லிக்காய் போல இருந்தது. விசை பாதி வழி வந்து நின்றது. மறுபடி இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர விசை வரவில்லை.

விரல் ஏலாது என்று சொன்னால் அடுத்த மாசியில் அந்த ஒரு அழைப்பும் வராது.

பக்கத்து யூனிட்டில் ராம்பிரசாத் என்ற தமிழ்நாட்டுக்காரர் எட்டு மாதமாக வாடகைக்கு இருந்தார். ஈஸ்ட் டாமாக்கியில் ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலையில் வேலை. குப்பைத் தொட்டி வெளியே வைக்கும் நாளில் தலையசைப்பதோடு சரி. அன்று மாலை முதல்முறையாக அவருடைய கதவைத் தட்டினாள்.

"தம்பி, இதைக் கொஞ்சம் இளக்கித் தரேலுமோ?"

மூடியைத் திறந்தவர் டின்னை அப்படியே மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"அம்மா! என்னம்மா இது? எனக்கு அடுத்த மாசம் விசா ரினியூவல்!"

"ஐயோ, இது ஓட்டப்போட்டித் துவக்கு. பிள்ளையளை ஓடவிடுறது."

"பாத்தா அப்படித் தெரியலையே."

"என்னைப் பாத்தா ஆளைச் சுடுற ஆள் மாதிரியோ தெரியுது?"

அவர் சிரித்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிடியின் திருகாணியைக் கழற்றினார்.

"நாங்க செய்யறது கராஜ் கதவு ஸ்பிரிங்ம்மா. ஆனா விஷயம் ஒண்ணுதான். பாருங்க, இதுல ரெண்டு இருக்கு. சின்னது ட்ரிகரைப் பழையபடி முன்னால தள்ளுது. பெருசு இந்தச் சுத்தியைக் கேப் மேல அடிக்க வெக்குது. ரெண்டையும் நீங்கதான் விரலால ஜெயிக்கணும்."

"அப்ப ரெண்டையும் மாத்துங்கோ."

"பெருசை ரொம்ப லேசாக்கினா அடி பத்தாதும்மா."

"என்ர விரலுக்குப் பெலன் பத்தாது தம்பி. அதைப் பாருங்கோ."

வியாழக்கிழமை மெல்லிய கம்பியில் சுற்றிய இரண்டு ஸ்பிரிங்குகளோடு வந்தார். மாற்றி முடிந்ததும் அவள் இழுத்துப் பார்த்தாள். பயற்றங்காய் ஒடிக்கிற பெலன்கூடத் தேவைப்படவில்லை. டிக். இன்னொரு தரம். டிக். சின்னப்பிள்ளை மாதிரிப் பத்துத் தரம் இழுத்தாள்.

"ஒரு கேப் போட்டு வெடிச்சுப் பாத்துடலாமா?"

"இங்கையோ? மற்றப் பக்கச் சுவருக்கு அங்காலை இருக்கிற மனிசி பொலிசுக்கு ஃபோன் அடிப்பாள்."

"ஆமா ஆமா, வேணாம்" என்றார் விசாக்காரர் அவசரமாக.

பழைய ஸ்பிரிங்குகளை ஒரு தாளில் மடித்து அவளிடம் நீட்டினார். வாங்காமல், "நீங்களே வைச்சிருங்கோ. சனிக்கிழமை வந்து பாருங்கோவன். சாப்பாடும் தருவினம்" என்றாள்.

*

எட்டு வயதுக்குட்பட்டோர், அறுபது மீற்றர். எட்டுப் பிள்ளைகள் கோட்டில் குனிந்து நின்றார்கள். தூரத்தில் முடிவுக்கோட்டில் பெற்றோரும் கூடாரங்களும் ஒலிபெருக்கியும். இந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பியோடு அவள் மட்டும்.

"ஒன் யுவர் மார்க்ஸ்... செற்..."

டிக்.

ஒரு பிள்ளையும் அசையவில்லை. ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

டிக். டிக்.

இரண்டு பேர் ஓடினார்கள், ஆறு பேர் நின்றார்கள். ஓடிய பெடியன் பாதியில் நின்று அழத் தொடங்கினான். நான்காவது இழுப்பில் ஆரும் எதிர்பாராமல் "டமார்" என்று வெடித்தது. ஒலிபெருக்கியில் யாரோ, "வெடி அன்ரி இண்டைக்கு விரதம் போல!" என்றார். மைதானமே சிரித்தது.

பிருந்தன் ஓடி வந்தான்.

"பரவாயில்லை அன்ரி. நீங்கள் நிழலிலை இருங்கோ. ஃபோனிலை ஆப் இருக்கு, அதை ஸ்பீக்கரிலை போடுறம்."

"கேப் ஈரம் போல தம்பி."

"ஓம் ஓம், ஈரமாத்தான் இருக்கும்."

காலை முழுவதும் ஃபோன் பீப் என்று கத்தியது, பிள்ளைகள் ஓடினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. கூடாரத்து நாற்காலியில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் ராம்பிரசாத் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் தப்பும்மா. அடி பத்தலை. பெரிய ஸ்பிரிங் பழசையே போட்டுடறேன். சின்னது புதுசா இருக்கட்டும்."

"பழசு கொண்டு வந்தனீங்களோ?"

"மனசு கேக்கலை. பையிலதான் இருக்கு."

கைகழுவிவிட்டு வந்து அங்கேயே திருகாணியைக் கழற்றினார். முடித்துக் கொடுத்ததும் அவள் இழுத்தாள். ஒரு விரலுக்கு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு சுட்டுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இழுத்தாள். வந்தது. வலித்தது, ஆனால் வந்தது.

எழுந்து பிருந்தனிடம் போனாள்.

"தம்பி, கேப் ஈரமில்லை. துவக்கிலையும் பிழையில்லை. என்ர விரல் ஏலாது. அதுக்காக நான்தான் ஸ்பிரிங்கை மாத்தினனான்."

பிருந்தன் காலால் புல்லைக் கிண்டினான்.

"நானும் ஒண்டு சொல்லோணும் அன்ரி. அடுத்த வருஷத்துக்குத் துவக்குக்குப் பதிலா எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வாங்கியாச்சு. கமிட்டி மார்கழியிலையே முடிவெடுத்திட்டுது."

"பிறகேன் எனக்கு ஃபோன் எடுத்தனீர்?"

"எடுக்காம எப்பிடி அன்ரி..."

அவள் தொடக்கக்கோட்டுப் பக்கம் பார்த்தாள்.

"கடைசி ஓட்டம் இன்னும் முடியேல்லைத்தானே?"

"இல்லை. பெரிய பெடியளின்ர நூறு மீற்றர்."

"அப்ப அந்த ஃபோனை நிப்பாட்டும்."

தொடக்கக்கோட்டுக்கு ராம்பிரசாத்தும் கூடவே வந்தார். அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"செற்..."

மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். வெடித்தது. நீலப் புகை அவளுடைய தொப்பியைச் சுற்றிக்கொண்டது. எட்டு முதுகுகள் சிறிதாகிக்கொண்டே போயின. அந்தப் பக்கம் கூச்சல் எழுந்தது.

"ஜெயிச்சது யாரும்மா?"

"இங்கை நிண்டா தெரியாது தம்பி. பத்தொன்பது வருஷமா முதுகுதான் பாத்தனான்."

"நூறு மீட்டர்தானே. வாங்க, போய்ப் பாத்துடலாம்."

"வெடிச்சாப் பிறகு நான் அங்காலை போறேல்லை. அடுத்த ஓட்டத்துக்கு நிக்கோணும்."

சொன்ன பிறகுதான் அடுத்த ஓட்டம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. டின்னைக் கமக்கட்டில் வைத்துக்கொண்டு வெள்ளைக்கோடுகளுக்கு நடுவால் நடந்தாள். முழங்கால் பிடித்தது. மெதுவாகத்தான் போக முடிந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நாடாவைச் சுருட்டியாகிவிட்டது. கூடாரத்தின் கால்களை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சனம் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டது.

புல்லில் ஒரு பெடியன் தனியாக இருந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஆர் வெண்டது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நொட் மீ" என்று இல்லையெனத் தலையாட்டினான்.

அவள் டின்னைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் புல்லில் மெல்ல உட்கார்ந்தாள்.