போல்ட்டில் ஒரு மஞ்சள் பொட்டு

வீட்டில் அவன் பேச்சு எடுபடும் விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கார்.

சோபாவை எந்தச் சுவரோரம் போடலாம் என்றால் மனைவி மகளைக் கேட்பாள். மகள் பூனையைக் கேட்பாள். அவனைக் கேட்க மாட்டார்கள். டாக்டர் இனிப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து பிஸ்கட் டப்பாவின் நிர்வாகமும் அவன் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் யாராவது கார் என்று வாயெடுத்தால் போதும், வீடே அவன் பக்கம் திரும்பும். அவனும் டீ கோப்பையைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிப்பான். பூனைகூட எழுந்து உட்காரும்.

அவன் உத்தியோகம் அப்படி. பெரிய கார் ஷோரூம் ஒன்றில், கார் வாங்கியவர்களைக் கடைசியாக உட்காரவைக்கும் கண்ணாடி அறை அவனுடையது. "கம்பெனி வாரன்ட்டி முடிஞ்ச பிறகு என்ன சார் பண்ணுவீங்க?" என்று கவலையோடு கேட்பான். அந்தக் கவலை எதிரில் இருப்பவருக்கும் தொற்றிக்கொண்டதும், மேற்கொண்டு சில வருடங்களுக்கு நீட்டித்த வாரன்ட்டியை விற்றுவிடுவான். ஷோரூமில் அவனுக்கு வைத்த பெயர் கியாரண்டி.

அவனுடைய பிரம்மாஸ்திரம் மஞ்சள் பொட்டு. எஞ்சினில் ஒரு போல்ட்டை இறுக்கி முடித்த ஆள், 'இது ஆச்சு' என்ற அடையாளத்துக்கு அதன் தலையில் ஒரு சொட்டு பெயின்ட் வைப்பார். அவ்வளவுதான் சமாச்சாரம். கியாரண்டி அதற்குக் கை கால் மூக்கு எல்லாம் வைத்துவிட்டான்.

"பாருங்க சார், ஒவ்வொரு பொட்டும் ஒரு வாட்ச்மேன். வெளியாள் கைபட்டா பொட்டு கலையும். பொட்டு கலைஞ்சா வாரன்ட்டி காலி!"

இதைக் கேட்டு முகம் வெளிறிக் கையெழுத்துப் போட்டவர்களில் அவன் மாமனாரும் ஒருவர்.

அன்று காலை கியாரண்டி லீவு சொல்லிவிட்டுத் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு, டயர் கடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தகரக் கூரை ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். தலையில் தொப்பி. அவன் காரின் வாரன்ட்டி செத்துப் புல் முளைத்துவிட்டது. பிரேக் மிதித்தால் கீச்சென்று ஊரைக் கூட்டியது. ஷோரூமில் விட்டால் முன்னால் பின்னால் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்கள் என்பது தெரியும். அப்படிச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்த மீட்டிங்கில் பலமாகத் தலையாட்டியவனே அவன்தான். வீட்டில் மட்டும், "நம்ம ஷோரூம்லதான் விட்டிருக்கேன். கண்ட இடத்துல வண்டியைக் கழட்டலாமா?" என்பான்.

"வாங்க சார்! என்ன, தொப்பி எல்லாம்? வெயிலே இல்லையே!" என்று மெக்கானிக் கூரை அதிரக் கூவினான். வாயைக் குறைத்துக்கொண்டால் இன்னும் இரண்டு வண்டி கூட வரும். அது அவனுக்குப் புரிந்ததில்லை.

"மெதுவா பேசுய்யா..." என்ற கியாரண்டியின் நாக்கு அப்படியே நின்றது.

உள்ளே ஒரு வெள்ளிநிறக் கார் பானெட்டைத் திறந்தபடி நின்றது. பின்கண்ணாடியில் ஷோரூம் ஸ்டிக்கர், கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியது அவனேதான். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த மனிதர் நிமிர்ந்தார். மாமனார். ஒரு கையில் மஞ்சள் நெயில் பாலிஷ் பாட்டில், மறு கையில் அதன் குட்டி பிரஷ்.

"மாப்ள!"

"மாமா!"

இரண்டு பேருமே திருடன் மாதிரி முழித்தார்கள். மாமனார் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். கியாரண்டி தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"நீங்க எப்படி மாப்ள இங்க?"

"சும்மா... இந்தப் பக்கமா போனேன். டயர்ல காத்து..."

"சார் நம்ம பழைய கஸ்டமர் ஐயா," என்றான் மெக்கானிக் பெருமையாக. "இவர் வண்டிக்கு கிளட்ச்கூட நாமதான் போட்டோம். வேற எங்கயும் விடமாட்டார்!"

மாமனார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் அவருக்கு அவர் கவலை.

"திட்டாதீங்க மாப்ள. தப்பு என் மேலதான். பேட்டரி முனையில வெள்ளையா பூத்திருந்துச்சேன்னு துணியால துடைச்சேன். பக்கத்து போல்ட்டுல இருந்த பொட்டும் சேர்ந்து வந்துடுச்சு. வாரன்ட்டி போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்க முகத்துல எப்படி முழிக்கிறது? பேசாம இருந்துட்டேன். இப்ப பாருங்க, ஏசி சுத்தமா நின்னுடுச்சு."

"கம்ப்ரெஸர் அவுட் சார்," என்றான் மெக்கானிக், ஸ்பேனரால் தன் தோளைச் சொறிந்தபடி. "கழட்டி வேற போடணும். ஐயா சரின்னுட்டார்."

"அப்புறம் இந்த பாலிஷ்?"

"உங்க பெண்டாட்டி குடுத்தா. எதுக்குப்பான்னு கேட்டா, சொல்லல. அழிஞ்ச பொட்டை இப்பதான் வெச்சேன். கழட்டி மாட்டினதும் மத்ததுக்கும் வெச்சுட்டா, உங்களுக்காவது தெரியாம இருக்குமேன்னு..."

வாரன்ட்டியில் ஏசி கம்ப்ரெஸர் இருக்கிறது. ஷோரூமுக்குக் கொண்டுபோனால் இனாமாகவே மாற்றித் தருவார்கள். ஆனால் இங்கே கழற்றிவிட்டால் நிஜமாகவே சிக்கல். யார் கழற்றினார்கள், என்ன செய்தார்கள் என்று கேட்டுக் கையை விரித்துவிடுவார்கள்.

மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்தான்.

கியாரண்டி வாய் திறந்தால் போதும். ஆனால் திறந்தால் மஞ்சள் பொட்டு வெறும் பெயின்ட் ஆகிவிடும். இன்று இரவே விஷயம் வீட்டுக்குப் போகும். அப்புறம் காருக்கும் பூனையைத்தான் கேட்பார்கள். சும்மா இருந்துவிடு, மாமா செலவு செய்தால் செய்துவிட்டுப் போகட்டும் என்று மனசு சொல்லத்தான் செய்தது. அப்படி ஒரு மனசைத் தூக்கிக்கொண்டு திரிகிறோமே என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. ஸ்பேனர் போல்ட்டில் கவ்வும் சத்தம் கேட்டது.

"நிறுத்துய்யா!"

மெக்கானிக் தலையை பானெட்டில் இடித்துக்கொண்டான்.

"மாமா, உங்க வாரன்ட்டி எங்கயும் போகல. கல்லு மாதிரி இருக்கு."

"பொட்டு?"

"பொட்டு... அது வந்து... போல்ட்டை இறுக்கினவன் அவனோட ஞாபகத்துக்கு வெக்கிறது. வாட்ச்மேன், வெளியாள் எல்லாம் நானா சேர்த்துக்கிட்டது. பேட்டரியைத் துடைச்சதுக்கு யாரும் வாரன்ட்டியைப் பிடுங்க மாட்டாங்க."

மாமனார் பிரஷ்ஷை பாட்டிலுக்குள் செருகினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப வைப்பருக்குத் தண்ணி ஊத்தலாமா?"

"என்னது?"

"பானெட்டைத் திறக்கணுமேன்னு பயந்து, வாங்கின நாள்லேருந்து ஊத்தவே இல்ல மாப்ள. பாட்டில்ல தண்ணி வெச்சுக்கிட்டு, சிக்னல்ல நிக்கிறப்ப கையை வெளிய விட்டு நானே ஊத்திக்கிறேன். பக்கத்துல நிக்கிற பைக்குக்காரன்கிட்ட எத்தனை திட்டு வாங்கியிருக்கேன்!"

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மாமனாரும் சிரித்துவிட்டார். கியாரண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. தான் விற்ற வாரன்ட்டியைத் தானே பூட்டிச் சாவியை விழுங்கிவிட்ட சாமர்த்தியத்தை வியந்துகொண்டிருந்தான்.

"சார், இந்த வேலையைக் கெடுத்துட்டீங்க," என்றான் மெக்கானிக். "உங்க பிரேக்கையாவது விட்டுட்டுப் போங்க."

விட்டுவிட்டுப் போனான். மாமனாரின் காரில், ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். அங்கே கம்ப்ரெஸரைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவதாகக் காரை எடுத்துக்கொண்டார்கள். சர்வீஸ் ஆள் மட்டும் பேட்டரி ஓரம் குனிந்து, "கியாரண்டி, இந்த போல்ட்டு மட்டும் என்னய்யா இப்படிப் பளபளன்னு மின்னுது?" என்றான்.

"பார்ட்டிக்குப் போகுது. நீ வேலையைப் பார்," என்றான் கியாரண்டி.

மாலையில் பிரேக் சத்தமில்லாத காரில் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாமனார் தன் மகளிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். கேட்காமலே கதையையும் கொடுத்தார். சமையலறையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்த பிறகு அவன் நைசாக அலமாரியைத் திறந்தான். பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியும் டப்பாவும் சேரும் இடத்தில், ஈரம் காயாமல், ஒரு மஞ்சள் பொட்டு.

"தெரியாம கைபட்டா எல்லாம் காலிங்க!" என்றாள் மனைவி ஹாலிலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவன் டப்பாவைப் பார்த்தபடி நின்றான். பின்னால் செருப்புச் சத்தம். தண்ணீர் குடிக்க வந்த மாமனார் டம்ளரை எடுத்தார், டப்பாவைப் பார்த்தார், ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திறங்க மாப்ள. பாலிஷ் பாட்டிலை எங்க வெச்சிருக்கான்னு எனக்குத் தெரியும்."