இரண்டு ரூபாய் வில்லை

நெய்யாற்றின்கரையில் நான் பதினொரு வருடம் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாய் கொப்பளிக்க வேண்டிவரும். மனுக்களுக்கு வாங்கும் கட்டணத்தைப் பற்றி மார்ச் முடிவில் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகும். அதைத் தயாரிப்பது என் வேலை. வந்த மனுக்கள் எத்தனை, அவற்றில் ஒட்டியிருந்த கட்டண வில்லைகள் எத்தனை, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு. மூன்றாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மனு கொடுத்தவருக்குக் காரியம் நடந்ததா என்று எழுத அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

1996 ஜனவரியில் ஆலீஸ் வந்தாள். பொழியூர்க்காரி. மீன்கூடையோடு பஸ் ஏறிப் பனச்சமூடு சந்தையில் விற்பவள். முந்தின அக்டோபரில் வள்ளம் கவிழ்ந்து அவள் கணவன் ஜோக்கிம் இறந்துபோனான். காப்பீட்டுப் பணம் வாங்க எங்கள் அலுவலகத்தின் வாரிசுச் சான்றிதழ் வேண்டும்.

“ஏப்ரல் பத்துக்குள்ள கொண்டு குடுக்கணும் சாறே. அது கழிஞ்சா கெடையாதாம். மூத்தவ லிஷாவ நர்சிங்குக்குச் சேக்கணும். அந்தப் பைசாவ நம்பித்தான் இருக்கேன்.”

மனுவை வாங்கி, வில்லையில் ஓட்டை போட்டு, 287 என்று எண் எழுதிச் சீட்டுக் கொடுத்தேன். விசாரணையெல்லாம் ஒழுங்காக முடிந்து, மனு கையெழுத்துக்குக் காத்திருந்தது.

மார்ச் கடைசியில் எண்ணினேன். மனுக்கள் 341. வில்லைகள் 340. ஒவ்வொரு தாளாகப் புரட்டியதில் ஆலீஸின் மனு அகப்பட்டது. பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. மீன் விற்ற கையோடு அவள் எதிர்ப்பக்கத்துக் கடையில் வில்லை வாங்கியிருக்கிறாள். தமிழ்நாட்டு அரசு வில்லை, அதே இரண்டு ரூபாய். எங்கள் கேரளத்து அலுவலகத்தில் அது செல்லாது, கணக்கிலும் வராது. எல்லையோரத்துக் கொல்லயில் ஊரில் என் வீட்டு மேசை டிராயரிலும் இரண்டு மாநிலத்து வில்லைகளும் கலந்துதான் கிடக்கும். அதனால்தான் வாங்கும்போது என் கண்ணுக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

சூப்பிரண்டு தாணுமாலயனிடம் கொண்டுபோனேன். “நானே ஒரு வில்லை வாங்கி ஒட்டுதேன் சார்,” என்றேன்.

“ஜனவரில வாங்குன மனுவுல மார்ச் மாசத் தேதி போட்டு வித்த வில்லையா? ஆய்வுக்கு வாறவன் கண்டா ரெண்டு பேரும் வெளக்கம் எழுதணும், கேட்டியா.”

“அப்ப வித்தியாசம் ரெண்டு ரூவான்னு எழுதிரட்டா?”

“எட்டு வருசமா ‘இல்லை’ன்னு போன ஆப்பீஸ் ஆக்கும் இது.”

அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பதிவேட்டைப் புதிதாக எழுதச் சொன்னார். 287-ல் வேறு ஓர் ஆள் வந்தார், பின்னால் உள்ளவர்கள் எல்லாரும் ஒரு படி மேலே ஏறினார்கள். மனுக்கள் 340, வில்லைகள் 340. ஆலீஸின் மனு பீரோவுக்கு அடியில் போயிற்று. எழுதிய கை என்னுடையது. வீட்டுக்குப் பக்கத்தில் பாறசாலைக்கு மாற்றல் கேட்டு நான் கொடுத்த கடிதம் அவர் மேசையில் இருந்தது. வேறு காரணம் சொன்னால் அது பொய்.

“எட்டாம் தேதி ஆய்வு முடியட்டும். ஒம்பதாம் தேதி புது மனு வாங்கி அண்ணைக்கே போட்டுக் குடுத்துரலாம்,” என்றார். அதற்கு முன்னால் புது மனு கேட்டால், அவள் காரணம் கேட்டு ஆய்வுக்காரர்களிடம் பழைய சீட்டை நீட்டிவிடுவாள் என்று அவருக்குப் பயம்.

எட்டாம் தேதி காலையில் தகவல் வந்தது. ஆய்வு விஷுப் பண்டிகை கழிந்து பதினேழாம் தேதிக்கு மாறிவிட்டது. பின்னாலேயே ஆலீஸும் வந்தாள்.

“சாறே, இனி ரெண்டு நாளு ஆக்கும் உள்ளது. நான் இங்கேயே இருந்து வாங்கிட்டுப் போறேன்.”

“எல்லாம் முறைப்படிதான் வரும். விசாரணைல இருக்கு,” என்றார் தாணுமாலயன், முகம் மாறாமல்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் வரை வராந்தாவில் இருந்தாள். மறுநாளும் வந்தாள், பத்தாம் தேதியும் வந்தாள். மூன்று நாளும் நான் டிபன் டப்பாவைத் திறந்து சோறு தின்றேன்.

பதினேழாம் தேதி ஆய்வு நடந்தது. எங்கள் அறிக்கையை மற்ற அலுவலகங்களுக்கு மாதிரியாகக் காட்டலாம் என்று வந்தவர் பாராட்டினார். பதினெட்டாம் தேதி தாணுமாலயன் ஆலீஸைக் கூப்பிட்டு, தமிழ்நாட்டு வில்லை ஒட்டிய பழைய மனு செல்லாது என்று சொல்லி, பழைய சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு, புது மனு எழுத வைத்தார். “எனக்க தெற்றாக்கும், பாக்காம வாங்கிட்டேன்,” என்று அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். கேரளத்து வில்லை. இரண்டு ரூபாய். நாலே நாளில் சான்றிதழ் தயார்.

நான்தான் அதை அவள் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“பத்தாந்தேதி கழிஞ்சாச்சே. இனி இத எங்க கொண்டு குடுக்கணும் சாறே?”

அப்போதாவது வாயைத் திறந்தேன். எங்கும் கொடுக்க முடியாது, தேதி போய்விட்டது, உன் மனுவை அறிக்கைக்காக நாங்கள்தான் ஒளித்தோம், பதிவேட்டைத் திருத்தி எழுதியது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தாணுமாலயன் எழுந்து வெளியே போனார்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சான்றிதழை மடிக்காமல் என் மேசையிலேயே வைத்தாள்.

“ரெண்டு ரூவா கணக்குல சரியா வந்துச்சு இல்லியா? அப்ப இத நீங்களே வச்சுக்கிடுங்க,” என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அடுத்த வருட அறிக்கையில் அவளுடைய புது மனுவையும் சேர்த்தேன். மனு ஒன்று, வில்லை ஒன்று, வித்தியாசம் இல்லை. அந்த அறிக்கையை நான் பாறசாலைக்கு மாற்றலாகிப் போகும் நாளில் எழுதி முடித்தேன்.