லிட்டருக்குப் பன்னிரண்டு

லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடாத வேன் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அந்தத் தொழிற்சாலையின் வாசலில் ஒட்டப்பட்டது. தொழிலாளர்களை ஏற்றிவரும் நான்கு வேன்களில் மூன்றுக்கு அதனால் கவலை இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரணிக்குப் போய்வரும் வேன் மட்டும் ஒன்பதரையைத் தாண்டியதே இல்லை. அது நின்றால் பதினான்கு பெண்கள் இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வர வேண்டும். அதை ஓட்டும் ஆரோக்கியமேரிக்கு வேலையே போய்விடும்.

சோதனை எளிமையானது. திங்கட்கிழமை காலையில் டேங்க் நிறைய டீசல் நிரப்ப வேண்டும். ஆறு நாள் ஓடியபின் சனிக்கிழமை மாலை மீண்டும் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அதுவே செலவு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரோக்கியமேரி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேனடியில் புகுந்தாள். பின்சக்கரம் ஒன்று கையால் சுற்றினால் சுழலாமல் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் தளர்த்தினாள். புழுதி அடைத்திருந்த ஏர் ஃபில்டரை மாற்றினாள். மூன்று ஆண்டுகளாகக் கிழிந்த தார்ப்பாய் ஒன்றைத் தவிர வேறெதையும் சுமக்காத கூரைக் கேரியரைக் கழற்றி வீட்டுப் பின்புறம் வைத்தாள். மறுநாளே அதில் கோழி ஏறிக்கொண்டது. திங்கள் விடியலில், டயர் சூடாகும் முன், நான்கிலும் காற்றைச் சரிபார்த்தாள். கிளச்சின்மேல் இடது காலை வைத்தபடியே ஓட்டும் வழக்கத்தையும் அன்றே விட்டாள். வழியில் கவரைப்பேட்டையில் கண்டெய்னர் லாரிகள் தேங்கி நிற்பது தொலைவில் தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியைத் தன் வேகத்திலேயே போகவிட்டாள்.

"நாங்க இன்னாக்கா பண்ணணும்?" என்று பின்னிருக்கையிலிருந்து திலகவதி கேட்டாள். நெல் பயிரிடும் குடும்பத்து மருமகள். எதையும் செய்யாமல் இருக்கத் தெரியாதவள்.

"ஒண்ணும் பண்ண வாணாம். சும்மா குந்தினு வா. அது போதும்."

அந்த வாரம் முழுவதும் வேனுக்குள் டீசல் வாடை அடித்தது. எங்கோ குழாய் ஒழுகுகிறது என்று ஆரோக்கியமேரி இருமுறை அடியில் படுத்துப் பார்த்தாள். எதுவும் ஒழுகவில்லை.

சனிக்கிழமை மாலை, போக்குவரத்து மேற்பார்வையாளர் சந்திரமோகன் முன்னிலையில் டேங்க் நிரப்பப்பட்டது. ஓடிய தூரம் முந்நூற்று அறுபது கிலோமீட்டர். பிடித்தது பதினெட்டே லிட்டர். அவர் கைப்பேசியில் இருமுறை வகுத்துப் பார்த்தார்.

"இருபது வருது. இன்னாம்மா, வண்டி தண்ணில ஓடுதா?"

தலையை ஆட்டினால் போதும், வேலை நிலைத்துவிடும். ஆரோக்கியமேரி பம்ப்பில் தெரிந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல சார். இந்த வண்டி இருபது தராது. இதுல இன்னாவோ தப்பு நடந்துக்குது."

வேனுக்குள் பதினான்கு தலைகளும் வேறு வேறு சன்னல் வழியாக வெளியே பார்த்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோனிகா திலகவதியின் விலாவில் இடித்தாள். திலகவதி இறங்கி வந்தாள்.

"மாமனாரு மோட்டாருக்கு வெச்சிருந்த டீசல்க்கா. சோத்துப் பையில வெச்சி எடுத்தாந்தேன். மூணு நாளு, அஞ்சஞ்சு லிட்டரு. மத்தியானம் வாட்ச்மேன் கோபால் அண்ணன்கிட்ட சாவி வாங்கினு ஊத்திட்டோம். மோனிகாதான் சொன்னா, ஊத்துனா மைலேஜ் ஏறும்னு."

"ஏறிச்சா இல்லியா?" என்றாள் மோனிகா உள்ளிருந்தபடியே.

சந்திரமோகனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பதினைந்து லிட்டரைச் சேர்த்து மறுபடி வகுத்தார். "முப்பத்து மூணு லிட்டரு. பதினொன்னுகூட வரலியேம்மா."

"இன்னும் ஒரு வாரம் குடுங்க சார்."

நீயே உண்மையைச் சொன்னதால் தருகிறேன் என்றார் அவர். டேங்க் மூடியின்மேல் ஒரு தாளை ஒட்டி, அதில் கையெழுத்தும் போட்டார்.

திரும்பும் வழியில் ஆரோக்கியமேரி வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பினாள்.

"வண்டிய சரி பண்ணிட்டேன். என் கால சரி பண்ணிட்டேன். மீதி நீங்கதான். ரெண்டு கிலோமீட்டருக்குள்ள பதினாலு ஊட்டு வாசல்ல நிறுத்துறேன். நின்னு நின்னு ஃபர்ஸ்ட் கியர்ல கெளப்புனா டீசல் குடிக்காம இன்னா பண்ணும்? இதுல திலகவதி சடை பின்றவரைக்கும் எஞ்சின் வேற ஓடிக்கினே கெடக்குது."

வாசலில் நிறுத்துவது முன்பொரு மழைக்காலத்தில் தொடங்கிய சலுகை. மழை நின்றது, சலுகை நிற்கவில்லை.

"அப்ப எல்லாரும் கோயில் வேப்பமரத்தாண்ட வந்துருங்க" என்றாள் பூவம்மாள்.

"நாங்க எதுக்கு அங்க வரணும்? சர்ச் கேட்டாண்ட நீங்க வாங்களேன்" என்றாள் மோனிகா.

"உங்க தெருவுல நாய் இருக்குது."

"உங்க தெருவுல நீயே இருக்கிறியே."

சச்சரவு கால் மணி நேரம் நீடித்தது. கடைசியில் ஞானம்மா முடித்து வைத்தாள். "பால் சொசைட்டியாண்ட நிக்கலாம். அது உன் தெருவும் இல்ல, அவ தெருவும் இல்ல. மாட்டுக்குத்தான் சொந்தம்."

திங்கட்கிழமை பால் சொசைட்டி வாசலில் முதல் ஆளாக நின்றவள் திலகவதி, ஈரத்தலையோடு. சடையை வேனில் ஏறிய பிறகே பின்னினாள். பதினான்கு பேரும் ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில் ஏறினார்கள். எவளாவது பிந்தினால் ஆரோக்கியமேரி எஞ்சினை அணைத்தாள், அவ்வளவுதான். அந்த அமைதியில் பதின்மூன்று பேர் திரும்பிப் பார்ப்பதைத் தாங்க எவராலும் முடியவில்லை. செவ்வாய்க்குப் பிறகு யாரும் பிந்தவில்லை.

சனிக்கிழமை சந்திரமோகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடியின் தாளை நெடுநேரம் ஆராய்ந்தார்.

"உங்க கையெழுத்துதான சார்?"

"என்துதான். ஊத்துங்க."

இருபத்தொன்பது லிட்டரில் பம்ப் நின்றது. அதே முந்நூற்று அறுபது கிலோமீட்டரை வகுத்துப் பார்த்தார், பன்னிரண்டு புள்ளி நான்கு. ஆரணி வேன் ஓடும் என்று எழுதி ஆரோக்கியமேரியின் கையில் கொடுத்தார். பதினான்கு பெண்களும் கைதட்டினார்கள். மோனிகா சீட்டைத் தட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை பால் சொசைட்டி வாசலில் பதினைந்தாவதாக ஒருவர் நின்றார். திலகவதியின் மாமனார் தணிகாசலம். ஒரு கையில் காலிக் கேன். காலடியில் இரண்டு வாழைத்தார்.

"என் டீசல்ல ஒரு வாரம் ஓட்டிக்கினியாமே. பரவால்ல. இத மட்டும் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டாண்ட எறக்கிடு."

ஆரோக்கியமேரி தார்களை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கி வைத்தாள்.

"நீங்க ஏறிக்குங்க ஐயா. தார் வாணாம், கனமா இருக்குது."

"நானே எழுவது கிலோ இருக்கிறேனேம்மா."

"அப்ப நீங்களும் வாணாம்" என்று சொல்லி, ஆரோக்கியமேரி காலிக் கேனை மட்டும் வாங்கித் தன் இருக்கையின் அருகில் வைத்துக்கொண்டாள். மாலையில் அதை நிரப்பிக் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலிலேயே இறக்கினாள். அந்த ஒரு நாள் மட்டும்.