ஆற்று வழி ஒன்பது மைல்

இருபத்தாறாம் வருஷத்துப் பனிக்காலம். ரங்கூனில் பசுந்தாங் ஓடைக்கரை அரிசி மில்லில் மத்தியானச் சங்கு ஊதினால், கிடங்குக் கதவருகே பத்துப் பன்னிரண்டு பேர் சோற்றுக் கிண்ணத்தோடு கூடிவிடுவார்கள். மில் கணக்கெழுதும் கிராணி நல்லையா தெருவோரக் கடையில் வாங்கிய அமெரிக்க நாவலை விரித்து, இங்கிலீஷில் பார்த்துத் தமிழில் சொல்லுவான். இரண்டு மாதமாக இதுதான் நடக்கிறது.

கதை நடப்பது அந்த நாட்டின் நட்டநடுவில், வின்டன் என்ற கவுண்டியில். கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி என்று முதல் நாளே சொல்லிவிட்டான். எல்லாம் சின்னச் சின்ன ஊர்கள். ஒரு தபாலாபீஸ், ஒரு மாதா கோயில், ஒரு இரும்புக்கடை, சுற்றிலும் சோளக்காடு. யாருக்கும் வழி குழம்பக்கூடாதென்று கதவிலேயே சுண்ணக்கட்டியால் படம் போட்டிருந்தான். மேலே ஹார்லன், கீழே மில்பரி, இரண்டுக்கும் நடுவே வாத்துக் கழுத்தாய் வளைந்தோடும் ஆறு. மூட்டை உரசி அழிந்த கோடுகளைச் ஓடையில் சம்பான் படகு ஓட்டும் ஜாபர் தினமும் திருத்திப் போடுவார். அவருக்கு ஊர்களைவிட ஆற்றில்தான் அக்கறை. எங்கே ஆழம், எங்கே மணல் என்று கேட்டே நல்லையாவைத் துளைத்துவிடுவார்.

நேற்று கதை நின்ற இடம் பொல்லாத இடம். ஹார்லன் துறையில் கதாநாயகி எலன் உட்கார்ந்திருந்த படகின் கயிறு அறுந்து, துடுப்பும் கைதவறி, படகு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. ஹார்லன் ஸ்டேஷனிலிருந்து சாயங்கால ரயிலில் அவள் அண்ணன் தூரதேசத்துக்கு வேலைக்குப் புறப்படுகிறான். திரும்ப எத்தனை வருஷமோ.

தாமுவேயில் தன் அறைக்குப் போய்ப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் நல்லையாவுக்குத் தெரிந்தது, கடைசித் தாள்கள் கிழிந்து காணாமல் போயிருந்தன. முடிவை முன்கூட்டிப் பார்ப்பது பாவம் என்று நினைப்பவன் அவன். காலையில் மில்லுக்கு நடக்கும்போது, ஓடையில் கடல் ஏற்றத்தோடு நெல் படகுகள் துடுப்புப் போடாமலே மேலே ஏறி வருவதைப் பார்த்தான். முடிவு கிடைத்துவிட்டது.

மத்தியானம் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுபோலவே சொன்னான். சாயங்காலம் ஏற்றம் வந்தது. தண்ணீர் திரும்பி மேலே ஓடியது. எலனின் படகு தானாகவே ஹார்லன் துறையில் போய் நின்றது.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. சாப்பாடு விற்கும் தைலம்மாள் கரண்டியை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தினம் இரண்டு வேளை கண்ணெதிரே நடப்பதுதானே, யாருக்கு என்ன சந்தேகம்? ஜாபர் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த ஊருக்குக் கடல் எம்புட்டுத் தொலவு?"

"ஆயிரம் மைல் இருக்கும், பாய்."

"அப்ப ஏத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"கிராணிதான் தெறந்து விட்டிருப்பாரு" என்றார் மூட்டைக்காரர் ஒருவர். சிரிப்பு அடங்கும்வரை நல்லையா தலைகுனிந்திருந்தான். பிறகு கிழிந்த இடத்தை விரித்துக் காட்டி, முடிவு தான் கட்டியது என்று ஒப்புக்கொண்டான்.

"அப்ப இத்தனை நாள் சொன்னதும் நீ கட்டுனதுதானா?" என்றாள் தைலம்மாள்.

"இல்லக்கா. இன்னைக்கு மட்டுந்தான்."

அவள் பானையைச் சுரண்டினாள். இரண்டு பேர் கிண்ணத்தோடு எழுந்தார்கள். நாளைக்கு இந்தக் கதவருகே யாரும் வரமாட்டார்கள் என்று நல்லையாவுக்குத் தோன்றியது.

ஜாபர் எழுந்திருக்கவில்லை. கதவுப் படத்தில் வாத்துக் கழுத்தின்மேல் விரலை வைத்தார். ஹார்லனிலிருந்து மில்பரிக்கு ஆற்று வழி ஒன்பது மைல் என்றாயே, சோளக்காட்டு வழி எவ்வளவு என்று கேட்டார். நல்லையா அவசரமாக இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டினான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே நடக்கிற தூரம், ஒரு மைல்.

"மில்பரி வளைவுல படகு மணல்ல தட்டும்னு நீதானே படிச்சே. அப்புறம் ஆத்த நம்பி எதுக்கு ஒக்காந்திருக்கா? எறங்கி நடக்கச் சொல்லு."

"அது புத்தகத்துல இல்லையே, பாய்."

"எடம் புத்தகத்துல இருக்குல்ல."

தைலம்மாள் பானையை விட்டுத் திரும்பினாள். ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்றான் நல்லையா. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

அவன் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தான். இனிமேல் சொல்வது நம்முடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எலனை மணலில் இறக்கினான். ஜாபர் வளைவின் குறுக்கே புள்ளி புள்ளியாய் ஒரு வழி போட்டுக்கொண்டே வந்தார்.

"செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கச் சொல்லு" என்றாள் தைலம்மாள். "ஈர மணல்ல ஓட முடியாது."

வேலைக்குக் கூப்பிட்டு மில் சங்கு ஊதிற்று. எலன் ஸ்டேஷன் படி ஏறும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.