பல் விழுந்த டேப்லெட்

“டீச்சர், டேப்லெட்டுக்கும் பல்லு விழுந்திடுச்சா?”

முன்பல் விழுந்த ரக்‌ஷனா ஒருநாள் இப்படிக் கேட்டபோது பாலர் வகுப்பே சிரித்தது. பயிற்சி ஆசிரியை தாரணி சிரிக்கவில்லை. கதையில் ‘வாழைப்பழம்’ வரும் இடமெல்லாம் டேப்லெட் ‘வாலைப்பலம்’ என்றது. அது அவள் பதிவுசெய்த அவளுடைய குரல். அன்றே அதை அழித்துவிட்டுச் செயலியின் குரலைப் போட்டாள். அதற்கு ழகரம் சுத்தமாக வந்தது. அதிலிருந்து டேப்லெட் இல்லாமல் வகுப்புக்குள் நுழையவே பயந்தாள்.

இன்று மேற்பார்வையாளர் விசாலாட்சி பாடம் பார்க்க வந்திருந்தார். தேறாவிட்டால் வேலை கிடையாது. காலையில் சிராங்கூன் சாலைக் காளியம்மன்முன் நின்று தாரணி வேண்டிக்கொண்டது வைஃபைக்காகத்தான்.

அம்மன் என்ன நினைத்தாளோ, இரண்டாம் பக்கத்திலேயே திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. விசாலாட்சியின் பேனா நின்றது. தாரணி அச்சுப் புத்தகத்தை எடுத்தாள்.

“குரங்கின் கையில் ஒரு...” நாக்கு அண்ணத்தைத் தேடிப்போய் அங்கேயே நின்றுவிட்டது.

பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பயிற்சி ஆசிரியை அனிதா, காதருகே கையைக் குவித்தாள். “என்னது? எனக்குக் கேக்கலையே!”

“வாழப்பழம்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

அதன்பின் அந்தச் சொல் வந்தபோதெல்லாம் தாரணி நிறுத்தினாள், அனிதாவின் கை காதுக்குப் போனது, வகுப்பு அதிர்ந்தது.

“பிள்ளைங்கள பேச வச்சீங்க பாருங்க, நல்ல டெக்னிக். பாஸ்,” என்றார் விசாலாட்சி. தாரணிக்கு முகம் சுட்டது. அந்தப் பாராட்டு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

“அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“செவிடி வேஷம் போட்டேன், அதுக்கு இவ்ளோவா?” மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்து, இந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வையும் பிடித்துக்கொண்ட அனிதா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “நாளைக்கு என் டர்ன் லா. அந்தச் சனியன தொடவே பயமா இருக்கு. போன தடவ எதையோ அமுக்கி, என் கதை சீனத்துல பேச ஆரம்பிச்சிடுச்சு. நாளைக்கும் அப்படி ஆச்சுன்னா என் வேல போச்சு, தாரணி.”

பள்ளி விட்டதும் அனிதா மகளை அழைத்துவரச் செம்பவாங்குக்கு ஓடினாள். தாரணி தோளில் மாட்டிய பையை மறுபடி இறக்கினாள். அனிதாவின் கதை வைஃபை இல்லாமலே ஓடும்படி செய்தாள். மொழி மாறாதபடி பூட்டினாள். கடைசிப் பக்கம்வரை ஓட்டிப் பார்த்தாள். பிறகு பிள்ளைகளின் ஸ்டிக்கர் பெட்டியிலிருந்து ஒரு பச்சைத் தவளையை எடுத்து, பக்கம் திருப்பத் தொடவேண்டிய இடத்துக்கு நேராக, உறையின் ஓரத்தில் ஒட்டினாள். காலையில் ‘தவளைக்கு நேரா தொடுங்கக்கா’ என்று மட்டும் சொன்னால் போதும்; அதை யாரோ பிள்ளை ஒட்டியது என்றே அனிதா நினைத்துக்கொள்ளட்டும்.

விளக்கை அணைத்தாள். சார்ஜில் கிடந்த திரை மட்டும் சிறிது நேரம் அணையாமலிருந்தது. அந்த வெளிச்சத்தில் தவளை தாவுவதற்குத் தயாராகக் குந்தியிருந்தது.